மலைச்சரிவில் வழிந்தோடும் மழைநீரையும் அது அள்ளிச் செல்லும் சத்துகளையும் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலை ஓடை ஒன்று ஓராண்டில் சுமந்து செல்லும் பாஸ்பரஸில் பெரும்பங்கு ஒருசில பெருமழைகளின்போதுதான் கடந்து போகிறது. மற்ற நாள்களில் ஓடை தெளிந்து ஓடும்; அப்போது எடுத்த நீருக்கு ஆய்வுக்கூடம் தரும் எண்ணும் பார்க்க நன்றாகவே இருக்கும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, வெயில் நாளாகப் பார்த்துப் போய், ஒரு போத்தல் நீர் எடுத்து வந்து, “இந்தச் சரிவிலிருந்து நீர்த்தேக்கத்துக்கு இவ்வளவு சத்து போகிறது” என்று எழுதப்படும் மாணவர் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும் ஓடை ஓய்ந்திருந்த நேரத்தில் செலவாகியிருக்கும்.

மழை பெய்யும்போது அளக்க வேண்டும். சத்தை அளக்கும் முன் நீரை அளக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால் மற்ற குறைகளைச் சமாளித்துக்கொள்ளலாம். தொடக்கக் கல்லூரி மாணவர்கள், பல்கலைக்கழகத்தில் முதல் களஆய்வு செய்பவர்கள், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள், நீர்நிலைகளைக் கண்காணிக்கும் தொண்டூழியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் மலை ஏது என்று கேட்கலாம். புக்கிட் தீமாவின் உச்சியே 163 மீட்டர்தான். ஆனால் அளப்பவருக்கு உயரத்தைவிடச் சரிவும் மழையும் மண்ணும்தான் முக்கியம். கருங்கல் சிதைந்து உண்டான களிமண், செங்குத்தான குறுகிய ஓடைகள், ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை என எல்லாமே இங்கு இருக்கின்றன. இங்கே பழகிய கை மலேசியாவின் கேமரன் மலையின் காய்கறித் தோட்டத்திலும் நீலகிரியின் சோலைக்காட்டிலும் வேலை செய்யும். நம் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்த நீர் 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. ஏரி நீரில் மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்குச் சராசரியாக 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் அதைச் சத்து மிகுந்த ஏரியாகக் கொள்வது பரவலான வழக்கம். பாசி மண்டுவதற்கு அவ்வளவு சிறிய அளவு போதும் என்பதால்தான் இந்த அளவீட்டில் இத்தனை கவனம் தேவைப்படுகிறது.

முதல் படி: நீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

சரிவில் விழும் மழை ஓடையை அடையப் பல வழிகள் உண்டு. மண் உறிஞ்சும் வேகத்தைவிட மழை வேகமாகப் பெய்தால் உபரி நீர் மேலே வழியும். நீரியல் அறிஞர் ஹார்ட்டன் 1933இல் விளக்கிய முறை இது. கீழ்ச்சரிவில் மண் ஏற்கெனவே நிறைந்திருந்தால் தூறலே பெய்தாலும் அங்கே விழுவது உள்ளே போக இடமில்லாமல் வழியும். மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாது: மண்ணுக்குள் வேர் மட்கிய துளைகளிலும் கறையான் குடைந்த வழிகளிலும் நீர் விரைந்து இறங்கி ஓடைக்கரையில் வெளிப்படும்.

நல்ல காட்டில் சருகு மூடிய மண், கொட்டும் மழையையும் பெரும்பாலும் குடித்துவிடும். அதே காட்டில் மக்கள் நடந்து இறுகிய பாதையில் ஐந்து நிமிட மழைக்கே செந்நீர் ஓடும். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் பாதைகளை 2014 முதல் 2016 வரை சீரமைத்ததற்கு மண்ணரிப்பும் ஒரு காரணம். ஆகவே உங்கள் கேள்வி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாதையிலிருந்து எவ்வளவு மண் போகிறது என்பது கேள்வியானால் சரிவில் பாத்தி கட்ட வேண்டும், அதாவது ஒரு துண்டு நிலத்தைத் தகட்டால் அடைத்து அதில் வழியும் நீரைப் பிடிக்க வேண்டும். முழுச் சரிவிலிருந்து நீர்த்தேக்கத்துக்கு எவ்வளவு சத்து சேர்கிறது என்பது கேள்வியானால் ஓடையின் குறுக்கே, ஓட்டத்தை அளக்க உதவும் தடுப்பு வேண்டும். பாத்தியில் கண்டதைப் பரப்பளவால் பெருக்கி ஓடைக்குக் கணக்குச் சொல்லக் கூடாது. பாத்தியில் ஓடிய நீர் பத்து அடி கீழே சருகுக்குள் மறைந்துபோயிருக்கலாம்.

முடிந்தால் மண்ணின் உறிஞ்சும் வேகத்தை இரட்டை வளைய முறையில் பாருங்கள். உள்வளையம் 30 செண்டிமீட்டர், வெளிவளையம் 60 செண்டிமீட்டர் விட்டம். உள்ளே நீர்மட்டம் இறங்கும் வேகத்தை, அது நிலைப்படும்வரை குறிக்க வேண்டும். பாதையில் ஓரிடம், காட்டுக்குள் ஓரிடம் பார்த்தாலே அடுத்த படிகளுக்கான விடை பாதி கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: அனுமதியும் உயிர்ப்பாதுகாப்பும்

இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் ஆய்வு செய்யத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். வடிகால்களிலும் நீர்த்தேக்க ஓரங்களிலும் வேலை என்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தைக் கேட்க வேண்டும். அனுமதி வரும்வரை ஆணிகூட அடிக்க வேண்டாம். இதைச் சடங்காக நினைக்காதீர்கள். சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர் நண்டு ஒன்று புக்கிட் தீமா பகுதியின் சில ஓடைகளில் வாழ்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம் அது. அப்படிப்பட்ட ஓடையில் தடுப்பு வைப்பதும் உப்புக் கரைசல் ஊற்றுவதும் செய்யக்கூடாத காரியங்கள்.

மின்னலை அலட்சியம் செய்யாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடிக்குள் இருந்தால் வேலையை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். அந்த மழையின் மாதிரி போனால் போகட்டும். மழையின்போது அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது கருவிகளையும் தானியங்கி மாதிரி எடுப்பான்களையும் நம்பித்தான். மாணவரை இடிமழையில் ஓடைக்கு அனுப்பும் ஆசிரியருக்கு இந்த வழிகாட்டியில் இடமில்லை.

மூன்றாம் படி: எல்லையை வரைந்து, நடந்து சரிபாருங்கள்

உயர வரைபடத்திலிருந்து நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையைக் கணினியே வரைந்து தரும். அதை நம்பி நின்றுவிடாமல் மழைக்கோட்டுடன் ஒரு முறை நடந்து பாருங்கள். நம் ஊரில் மலைச்சரிவுகளில் கான்கிரீட் வடிகால்கள் ஓடுகின்றன. நடைபாதைகள் சரிவைக் குறுக்கே வெட்டி நீரைத் திருப்பிவிடுகின்றன. பக்கத்துச் சரிவின் நீர் சாலையோரக் குழாய் வழியே உங்கள் ஓடைக்கு வரலாம். உங்கள் நீர் வேறெங்கோ போகலாம். இரண்டு ஹெக்டேர் என்று நீங்கள் எழுதும் பரப்பு உண்மையில் இரண்டரையாக இருந்தால், பின்னால் வரும் ஒவ்வொரு விடையும் அந்த விகிதத்தில் பிழைபடும்.

நான்காம் படி: மழை

ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டருக்கும் ஒருமுறை கவிழும் கிண்ண மழைமானி போதும். மரக்கிளைகளுக்கு அடியில் வைக்கக் கூடாது. திறந்த வெளி கிடைக்காவிட்டால் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியைப் பயன்படுத்துங்கள். கூடவே ஒரு சாதாரண மழைமானியையும் வைத்து வாரந்தோறும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் கடும் மழையில் கவிழ்கிண்ணம் குறைத்துக் காட்டும். உயரமான மலைகளில் ஒரு மழைமானி போதாது. காற்று மோதும் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். பதிவு இடைவெளி ஒரு நிமிடமாக இருக்கட்டும். சுமத்ராவிலிருந்து அதிகாலையில் வந்து தாக்கும் சூறைமழை ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். சின்னஞ்சிறு நீர்ப்பிடிப்பில் மழையின் உச்சத்துக்கும் ஓடையின் உச்சத்துக்கும் இடையே சில நிமிடங்களே இருக்கும் என்பதால் 15 நிமிடப் பதிவு அந்த உச்சத்தைத் தவறவிட்டுவிடும்.

மழைநீரிலும் சத்து இருக்கிறது. புகைமூட்டக் காலங்களில் மழையில் கரைந்து இறங்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடும். மழைநீரிலும் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்காவிட்டால் வானத்திலிருந்து வந்ததை மண்ணின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: சரிவில் அளவுப் பாத்தி

மண்ணரிப்பு ஆய்வில் 22.13 மீட்டர் நீளம், 9 விழுக்காட்டுச் சரிவு என்பது உலகறிந்த தரப் பாத்தி. நம் காட்டுச் சரிவில் மரமும் பாறையும் அதற்கு இடம் கொடுக்காது. 2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் என்று கட்டுங்கள். எல்லையில் உலோகத் தகட்டை 10 செண்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி, 15 செண்டிமீட்டர் வெளியே நிற்க விடுங்கள். தகடு இறங்கும் இடத்தில் மட்டும் மண்ணைக் கீறுங்கள். பாத்திக்குள் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. கீழ்முனையில் வாய்க்கால் தொட்டி, அதிலிருந்து குழாய், குழாயின் முடிவில் டிரம். தொட்டிக்கு மேல் கூரைபோல ஒரு தகடு அவசியம். இல்லாவிட்டால் தொட்டியில் நேராக விழும் மழையும் கணக்கில் சேரும்.

டிரம்மின் கொள்ளளவை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் பாத்தியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். காட்டில் அதில் பத்தில் ஒரு பங்கே வழியும்போது 100 லிட்டர் வரும். இறுகிய பாதையில் பத்தில் எட்டு பங்கு வழிந்தால் 800 லிட்டர். இரண்டாவது வகைக்கு முதல் டிரம்மின் விளிம்பில் ஒரே அளவில் ஒன்பது வெட்டுகள் போட்டு, ஒன்றிலிருந்து வழிவதை மட்டும் இரண்டாம் டிரம்மில் பிடியுங்கள். வழிந்தது அதைப்போல ஒன்பது மடங்கு. விளிம்பு மட்டமாக இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். சற்றே சாய்ந்தாலும் ஒன்பது வெட்டுகளிலும் சமமாக வழியாது.

பரப்பளவில் ஒரு நுட்பம் உண்டு. மழைமானி கிடைத்தளத்தில் அளக்கிறது. உங்கள் நாடாவோ சரிவின் மேல் அளக்கிறது. 25 பாகைச் சரிவில் 20 மீட்டர் நீளம் என்பது கிடைத்தளத்தில் 18.1 மீட்டர்தான். செங்குத்தான மலையில் இதை மறந்தால் பத்து விழுக்காடு பிழை தொடக்கத்திலேயே வந்துவிடும்.

இனி, நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை. ஒரு வாரம் கழித்து டிரம்மைத் திறந்து, கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சருகுச் சாறு இறங்கிய தேநீர் நிற நீரில் சின்னச் சின்னப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே எடுக்கிறது. கொசு பெருக இடம் கொடுப்பது இங்கே சட்டப்படி குற்றம். தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். அபராதத்தைவிடப் பெரிது, உங்கள் ஆய்வினால் யாருக்கோ டெங்கி வரும் என்பது. எல்லா டிரம்களுக்கும் இறுக்கமான மூடி, குழாய் வாயில் நுண்வலை, மழை நின்ற மறுநாளே அளந்து காலி செய்வது ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குங்கள். கொசு மருந்து போட்டு இதைத் தீர்க்க முயலாதீர்கள், மாதிரி கெட்டுவிடும். மறுநாளே காலி செய்வது ஆய்வுக்கும் நல்லது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தேங்கும் நீரில் நுண்ணுயிர்கள் நைட்ரஜனின் வடிவத்தையே மாற்றிவிடும்.

மாதிரி எடுக்கும்போது அடியில் படிந்த மண் முழுதும் மேலே எழும்படி துடுப்பால் கலக்கி, கலங்கிய நிலையிலேயே போத்தலை முக்கி எடுங்கள். பாஸ்பரஸின் பெரும்பகுதி அந்த மண்துகள்களில் ஒட்டியிருக்கிறது.

ஆறாம் படி: ஓடையில் தடுப்பு

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஆய்வுக்கூடக் கட்டணத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை இங்கே கொட்டினாலும் தகும்.

சிற்றோடைக்கு ஏற்றது, 90 பாகைக் கோணத்தில் முக்கோணமாக வெட்டிய தகட்டுத் தடுப்பு. வெட்டின் அடி முனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் ஓட்டம் கிடைக்கும்: உயரத்தை மீட்டரில் எடுத்து, 2.5 அடுக்குக்கு உயர்த்தி, 1.38ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது வரும். 5 செண்டிமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 0.77 லிட்டர், 10 செண்டிமீட்டரில் 4.4 லிட்டர், 20 செண்டிமீட்டரில் 24.7 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல் ஏறுகிறது. சிறு ஓட்டத்தையும் வெள்ளத்தையும் ஒரே தகட்டில் பிடிக்க முடிவது இதனால்தான். ஆனால் இதே காரணத்தால் உயரத்தில் 4 விழுக்காடு பிழை ஓட்டத்தில் 10 விழுக்காடாகப் பெருகுகிறது.

வெட்டு எவ்வளவு ஆழம் வேண்டும்? ஒரு ஹெக்டேரில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டுகிறது, அதில் 30 விழுக்காடு வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 83 லிட்டர் வரும். உயரம் 33 செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40 செண்டிமீட்டர் ஆழம் வெட்டினால் 140 லிட்டர் வரை தாங்கும். தகட்டின் மேல் நீர் புரண்டு போனால் அந்த மழையின் உச்சம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். எனவே தாராளமாக வெட்டுங்கள்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை: தகடு செங்குத்தாக, ஓடைக்குக் குறுக்காக நேராக நிற்க வேண்டும். வெட்டின் விளிம்பு மெல்லியதாக, கீழ்ப்பக்கம் சரித்துச் சீவியதாக இருக்க வேண்டும். நீர் தகட்டை ஒட்டி வழியாமல் விளிம்பிலிருந்து துள்ளி விழ வேண்டும். அடியில் காற்றோட்டம் இருக்க வேண்டும். நீர்மட்டத்தை வெட்டுக்குப் பக்கத்தில் அளக்காதீர்கள். அங்கே நீர் தாழ்ந்து வளைந்திருக்கும். எதிர்பார்க்கும் உச்ச உயரத்தைப் போல் நான்கு மடங்கு மேலோடையில் தள்ளி அளங்கள். தகட்டின் அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணை இறுக அடைத்து, உணவுச் சாயம் கலந்த நீரை மேல்பக்கம் ஊற்றிப் பாருங்கள். சாயம் வெட்டு வழியாக மட்டும் வர வேண்டும். சிதைந்த கருங்கல் மண்ணில் அடிக்கசிவு எளிதில் உண்டாகும். முதல் பெருமழைக்குப் பிறகு இந்தச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

சூத்திரத்தைக் கண்மூடி நம்ப வேண்டாம். சிறு ஓட்டத்தில் 10 லிட்டர் வாளியையும் நிறுத்துக் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மட்டம் 5 செண்டிமீட்டர் இருக்கும்போது வாளி 13 விநாடியில் நிறைய வேண்டும். எட்டில் நிறைந்தாலும் இருபதாகியும் நிறையாவிட்டாலும் தடுப்பில் கோளாறு இருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

பாறைகள் புரண்டு கிடக்கும் பெரிய மலை ஓடையில் தகடு நிற்காது. அங்கே உப்பு முறைதான். எடைபோட்ட உப்பை ஓடை நீரிலேயே கரைத்து, ஒரே வீச்சில் ஊற்றி, நன்றாகக் கலந்த பிறகு வரும் இடத்தில் மின்கடத்துத் திறன் ஏறி இறங்குவதைச் சில விநாடிக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். அந்த வளைவின் கீழுள்ள பரப்பிலிருந்து ஓட்டம் கிடைக்கும். மின்கடத்துத் திறனை உப்பின் அளவாக மாற்றும் எண்ணை அதே ஓடை நீரில், அதே இடத்தில் கண்டுபிடியுங்கள். வெவ்வேறு மட்டங்களில் இதைச் செய்தால் அந்த ஓடைக்கே உரிய மட்டம்–ஓட்டம் அட்டவணை உருவாகும்.

ஏழாம் படி: நீர்மட்டப் பதிவில் இரண்டு பொறிகள்

முதலாவது காற்றழுத்தம். நீருக்குள் போடும் அழுத்த உணரி, தன்மேல் உள்ள நீரின் எடையோடு காற்றின் எடையையும் சேர்த்தே அளக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும்: காலை பத்து, இரவு பத்து மணி அளவில் உச்சம், மாலை நான்கு, விடிகாலை நான்கு மணி அளவில் தாழ்வு. வேறுபாடு மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் நீருக்குச் சமம். உண்மையில் 5 செண்டிமீட்டர் மட்டம் இருக்கும்போது உணரி 8 காட்டினால் 0.77 லிட்டர் ஓட்டம் 2.5 லிட்டராகிவிடும். மழையே இல்லாத நாளில் உங்கள் ஓடை தினமும் இருமுறை பொங்குவதுபோல் வரைபடம் வந்தால் காரணம் இதுதான். கரையில், நிழலில், இரண்டாவது உணரி ஒன்றைக் காற்றழுத்தத்துக்கென்றே வைத்துக் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது இலை. காட்டு மரத்தின் தடித்த இலை ஒன்று மிதந்து வந்து வெட்டின் முனையில் சொருகிக்கொள்ளும். அதன் பின்னால் சுள்ளி, அதன் மேல் சருகு. மட்டம் மெல்ல மெல்ல ஏறும். ஓட்டமோ மாறியிருக்காது. சில மணி நேரம் கழித்து அடைப்பு பிய்த்துக்கொண்டு போனதும் மட்டம் ஒரே நிமிடத்தில் தடாலென இறங்கும். மழைப்பதிவோடு வைத்துப் பார்த்தால் மழையில்லாத ஏற்றம், காரணமில்லாத வீழ்ச்சி எனப் பளிச்சென்று தெரியும். மேலோடையில் அகலக் கண்ணுள்ள கம்பி வேலி போட்டு வாரந்தோறும் சுத்தம் செய்யுங்கள். போகும் ஒவ்வொரு முறையும் அளவுகோலில் கண்ணால் பார்த்த மட்டத்தையும் மணியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். கருவியின் எண்ணைத் திருத்த அதுவே ஆதாரம். நீண்டவால் குரங்குகள் கேபிளை இழுத்துப் பார்க்கும் இடங்களில் கம்பிகளைக் குழாய்க்குள் விடுங்கள்.

எட்டாம் படி: மாதிரி எடுப்பது

ஓட்டம் ஏறும்போது எடுக்கும் நீரும், அதே மட்டத்துக்கு இறங்கி வரும்போது எடுக்கும் நீரும் ஒன்றல்ல. பாஸ்பரஸ் மண்ணோடு வருவதால் பெரும்பாலும் ஏறும்போதே உச்சம் தொட்டு, ஓட்டம் உச்சம் அடையும் முன்பே குறையத் தொடங்கும். ஓடைப் படுகையிலும் பாதையிலும் தளர்ந்து கிடந்த மண் முதலில் அடித்துச் செல்லப்படுவதே காரணம். நைட்ரேட் நீரில் கரைந்து மண்ணுக்குள் வரும் சத்து. மழைநீர் கலப்பதால் அது முதலில் நீர்த்து, பிறகு மண்ணுக்குள்ளிருந்து வரும் நீரோடு மெதுவாக ஏறலாம். எல்லா ஓடையும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் ஓடை எப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி ஆய்வு.

ஆகவே ஏறும் பக்கத்தில் 5 நிமிடத்துக்கு ஒன்று, உச்சத்தில் ஒன்றிரண்டு, இறங்கும் பக்கத்தில் 15 நிமிடம், பிறகு ஒரு மணி என்று இடைவெளியைக் கூட்டுங்கள். தானியங்கி எடுப்பான் இருந்தால் மட்டம் குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் தொடங்கும்படி வையுங்கள். இல்லாதவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு: ஒரு கம்பத்தில் வெவ்வேறு உயரத்தில் போத்தல்களைக் கட்டி, ஒவ்வொன்றின் மூடியிலும் வளைந்த உறிஞ்சுகுழாய் ஒன்றும் காற்று வெளியேறும் குழாய் ஒன்றும் பொருத்துங்கள். நீர் ஏற ஏற ஒவ்வொரு போத்தலும் தன் உயரத்தில் நிறைந்து நின்றுவிடும். ஏறும் பக்கம் முழுதும் உங்கள் கையில் இருக்கும். இறங்கும் பக்கத்தை இடி ஓய்ந்த பிறகு கையால் எடுக்கலாம். மழைக்கு முந்தைய தெளிந்த நீரில் ஒன்று எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

போத்தல்களைப் பாஸ்பேட் இல்லாத சோப்பில் கழுவி, 10 விழுக்காட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலசுங்கள். வியர்வையில் அம்மோனியா உண்டு, கையுறை அணியுங்கள். கரைந்த சத்துகளுக்கான மாதிரியை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் ஓடைக்கரையிலேயே வடிகட்டுங்கள். ஏறும் வெள்ளத்தின் செந்நீர் ஐம்பது மில்லிலிட்டர் போவதற்குள் வெள்ளை வட்டு காவி பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும், ஊசிக்குழாயை அழுத்தும் கட்டைவிரல் வலிக்கும். மாற்று வட்டுகளைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்; வலிக்கிறதே என்று வேகமாக அழுத்தினால் வட்டு கிழிந்து மண் உள்ளே போய்விடும். மொத்த பாஸ்பரஸ், மொத்த நைட்ரஜனுக்கான போத்தலை வடிகட்டக் கூடாது. எல்லாவற்றையும் உடனே ஐஸ் பெட்டிக்குள் 4 பாகையில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தூய நீரை ஓடைக்கரைக்கே எடுத்துச் சென்று, அதே போத்தல், அதே வடிகட்டியில் ஊற்றி ஒரு வெற்று மாதிரி தயாரியுங்கள். அதில் சத்து தெரிந்தால் அது உங்கள் கையிலிருந்தோ போத்தலிலிருந்தோ வந்தது.

ஒன்பதாம் படி: ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டியவை

காணக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன என்று கேளுங்கள். காட்டு ஓடையில் கரைந்த பாஸ்பேட் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் அளவிலேயே இருக்கலாம். மீன்தொட்டிக்கு விற்கும் நிறச்சோதனைப் பெட்டி அதைச் சுழி என்றுதான் காட்டும். அடுத்து அலகு. நைட்ரேட்டை நைட்ரேட்டாகச் சொல்கிறார்களா, நைட்ரஜனாகச் சொல்கிறார்களா? ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் என்பது 4.43 மில்லிகிராம் நைட்ரேட். பாஸ்பரஸுக்கும் பாஸ்பேட்டுக்கும் 3.07 மடங்கு வேறுபாடு. இரண்டு ஆய்வுகளை ஒப்பிடும்போது நேரும் பெரும் குழப்பங்கள் பல இங்கேதான் பிறக்கின்றன.

பத்தாம் படி: கணக்கு

லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் கன மீட்டருக்கு ஒரு கிராம். இதை மட்டும் நினைவில் வையுங்கள். விளக்கத்துக்காக ஒரு மழையைக் கற்பனை செய்வோம்: 2 ஹெக்டேர் சரிவு, 30 மில்லிமீட்டர் மழை, அதாவது 600 கன மீட்டர் நீர்.

முதல் 20 நிமிடம்: விநாடிக்கு 5 லிட்டர் ஓட்டம், மொத்த பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.40 மில்லிகிராம். நீர் 6 கன மீட்டர், பாஸ்பரஸ் 2.4 கிராம்.

அடுத்த 20 நிமிடம்: 20 லிட்டர், 0.25 மில்லிகிராம். நீர் 24 கன மீட்டர். பாஸ்பரஸ் 6 கிராம்.

அடுத்த ஒரு மணி நேரம்: 6 லிட்டர், 0.06 மில்லிகிராம். நீர் 21.6 கன மீட்டர், பாஸ்பரஸ் 1.3 கிராம்.

மொத்தம் 51.6 கன மீட்டர் நீர், 9.7 கிராம் பாஸ்பரஸ். பெய்ததில் 8.6 விழுக்காடு வழிந்திருக்கிறது, ஹெக்டேருக்கு 4.85 கிராம் போயிருக்கிறது. பாஸ்பரஸை நீரால் வகுத்தால் ஓட்டத்தை ஒட்டிய சராசரிச் செறிவு 0.19 மில்லிகிராம். மூன்று செறிவுகளையும் வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்திருந்தால் 0.24 வந்திருக்கும், போன பாஸ்பரஸை 12.2 கிராம் என்று கூட்டிச் சொல்லியிருப்போம். மழை ஓயும் நேரத்தில் போய் ஒரே ஒரு போத்தல் எடுத்தவர் 0.06ஐ முழு நீரோடு பெருக்கி 3.1 கிராம் என்பார், உண்மையில் மூன்றில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடம் மூவருக்கும் சரியான எண்ணையே தந்தது.

இந்த நீரில் மழைக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த அடியோட்டமும் கலந்திருக்கிறது. ஏற்றம் தொடங்கிய புள்ளியிலிருந்து இறக்கம் அடங்கும் புள்ளிக்கு ஒரு நேர்கோடு இழுத்து, கோட்டுக்கு மேலுள்ளதை மழையோட்டம் என்று கொள்வது எளிய வழி. எந்த வழியை எடுத்தாலும் எல்லா மழைக்கும் அதையே கடைப்பிடியுங்கள்.

எல்லா மழையிலும் மாதிரி எடுக்க முடியாது. கலங்கல் உணரி ஒன்று இருந்தால், கலங்கலுக்கும் மொத்த பாஸ்பரஸுக்கும் உள்ள உறவை உங்கள் மாதிரிகளிலிருந்து கண்டு, இடைவெளிகளை நிரப்பலாம். நைட்ரேட்டுக்கு இது உதவாது. வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் பெய்யும் மழை ஒன்றிரண்டாவது உங்கள் தொகுப்பில் இருக்க வேண்டும். சூறைமழையை மட்டும் வைத்து ஆண்டுக் கணக்குச் சொல்ல முடியாது.

ஒப்பீடு வேண்டுமென்றால்

ஒரு மாற்றத்தின் விளைவைத்தான் அறிய வேண்டும் என்றால், பக்கத்துப் பக்கத்தில் ஒத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, மாற்றத்துக்கு முன்பே சில ஆண்டுகள் இரண்டையும் அளக்க வேண்டும். நீலகிரியில் கிளென்மார்கனில் 1968 முதல் இப்படி அளந்து, 1972இல் ஒன்றில் மட்டும் தைல மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் அங்கே நீர்வரத்து ஆண்டுக்குச் சராசரி 16 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக்கில் 1965இல் ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்களை வெட்டி, மறுபடி முளைக்காமல் மருந்து அடித்தபோது ஓடையில் நைட்ரேட் குடிநீர் வரம்பைத் தாண்டியது. இரண்டு இடத்திலும் மாற்றாமல் விட்ட பக்கத்துச் சரிவு இருந்ததால்தான் காரணம் மரம், மழையல்ல என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஒரு பருவத்து மாணவர் திட்டத்தில் இது சாத்தியமில்லை. ஆனால் ஒரு கல்லூரி ஆண்டுக்காண்டு அடுத்த குழுவிடம் அதே தடுப்பை ஒப்படைத்துக்கொண்டே போனால் சாத்தியம். நம் பள்ளிகள் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடைசிப் படி: ஒப்படைப்பதும் கழற்றுவதும்

அடுத்த குழு இருந்தால் அவர்களிடம் எண்களோடு குறிப்பேட்டையும் கொடுங்கள்: தடுப்பின் அளவுகள், வாளிச் சோதனை முடிவுகள், இலை அடைத்த நாள்கள், உணரி மாற்றிய நேரம், விட்டுப்போன பதிவுகள். திருத்திய எண்களைத் தனிக் கோப்பாக வைத்து, கருவி தந்த மூல எண்களை அப்படியே விட்டுவையுங்கள்.

அடுத்த குழு இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தடுப்பின் பின்னால் சேர்ந்த வண்டலை முதலில் வாளியில் அள்ளி வெளியேற்றுங்கள், அதன் பிறகே தகட்டை எடுங்கள். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் பிடித்துவைத்த மண் ஒரே நாளில் கீழே போகும். பாத்தித் தகடுகளைச் சரிவின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிப் பிடுங்கி, கீறலில் அதே மண்ணை மிதித்து இறுக்கி, மேலே சருகைப் பரப்புங்கள். மூடாமல் விட்ட கீறல் அடுத்த பெருமழையிலேயே நீரோடும் பள்ளமாகத் தொடங்கிவிடும். ஒரு மாதம் கழித்து, நல்ல மழைக்கு மறுநாள், அனுமதி முடிவதற்குள் ஒருமுறை போய் அந்தக் கீறல்கள் மூடியே இருக்கின்றனவா என்று பார்த்து வாருங்கள்.